நவராத்திரியில் பார்த்த மச்சு

போன மாதம் நான் ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், முப்பத்தைந்து வருஷ சர்வீஸ்ல நீங்க கணக்குப் போட்டதிலேயே பெரிய கட்டடம் எது?" பதினான்கு மாடி ஒன்றைச் சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்திவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது, அந்தப் பதினான்கு மாடியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. அது நிற்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கும் என்னை விடாத வேலை வேறு. மந்தைவெளியில் ஒரு வீட்டு மச்சு. நீளம் இருபதடி, அகலம் பன்னிரண்டடி.

அதைத்தான் எழுதுகிறேன். அளவும் கணக்கும் வேண்டுமென்றால் ஃபைலில் இருக்கிறது, எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைலில் முழுதாக ஏறாத பகுதி இது.

முதலில் ஒரு விஷயம். இந்த ஊரில் யாரும் எதையும் கழித்துப்போடுவதில்லை, மேலே ஏற்றிவிடுகிறார்கள். ஓடாத மிக்ஸி, கைப்பிடி போன குக்கர், பேரன் காலேஜுக்குப் போன பிறகும் அவனுடைய தொட்டில், எல்லாம் "எப்பவாவது வேணும்னா" என்ற ஒரே காரணத்துக்காகப் பரணில் காத்திருக்கும். ஆகவே பரணையோ மச்சையோ பலப்படுத்தித் தரச் சொல்லி ஒரு குடும்பம் கூப்பிட்டால், அவர்கள் சொல்லும் எடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். நானும் பெருக்கினேன். என் பெருக்கலில் எந்தத் தப்பும் இல்லை.

கூப்பிட்டவர் சேஷாத்ரி மாமா. கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி ராஜி மாமி பாட்டு டீச்சர். சனி, ஞாயிறு காலையில் எட்டுப் பிள்ளைகள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள். வீடு பழையது, மேலே ஓடு. ஓட்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் மரப்பலகை பாவிய மச்சு, அதைத் தாங்க ஒன்பது தேக்கு விட்டங்கள். மச்சில் கிழக்குப் பக்கம், டிரங்குப் பெட்டிகளில் மாமியின் கொலு பொம்மைகளும், கழற்றி அடுக்கிய கொலுப்படிகளும். எதிர்ப்பக்கம், வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்து மாமா பைண்ட் பண்ணி வைத்த தொகுப்புகள். இப்போது ஆழ்வார்பேட்டையில் இருந்த மகள் ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு கனடா போகிறாள். அவள் சாமானும் மச்சுக்கு ஏற வேண்டும்.

"அறுபது பெட்டிதான்," என்றார் மாமா. "பெரும்பாலும் துணி."

துணி என்று சொன்னால் நம்பாதீர்கள். துணிக்கு நடுவில் கிரைண்டர் இருக்கும்.

நான் பார்க்கப் போனது நவராத்திரி ஐந்தாம் நாள். வாசலிலேயே மாமி, "நல்ல சமயமாப் பார்த்து வந்திருக்கேள். கொலு இறக்கியாச்சு, மச்சு பாதி காலி. உங்களுக்கு ஏறிப் பாக்க வசதியா இருக்கும்," என்றார். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. பெட்டிகளை நகர்த்தச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. மேலே ஏறி, நூல் பிடித்து, ஒவ்வொரு விட்டத்தின் தொய்வையும் அளந்தேன். தொய்வே இல்லை என்றுகூடச் சொல்லலாம். இத்தனை காலம் பாரம் சுமந்த தேக்கு இப்படி நிமிர்ந்து நிற்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது சுமந்த பாரம் கீழே கூடத்தில் ஒன்பது படியில் உட்கார்ந்து பட்டுத்துணி விரித்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. கிழக்குப் பக்கத்தில் இரண்டு விட்டங்களின் நுனி, கூடத்து மூலையில் பலகைத் தடுப்பு வைத்துப் பிரித்த பூஜை அறைக்கு மேலே போய் வெளிச்சுவருக்குள் நுழைகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் பூஜை அறைக்குள் ஏணி போட்டு, மேலே அடித்திருந்த பிளைவுட்டைக் கழற்ற வேண்டும். "உள்ளே கலசம் வெச்சிருக்கேன். ஏணியெல்லாம்..." என்று மாமி இழுத்தார். நான் உடனே, "பரவாயில்லை மாமி" என்றேன். மற்ற ஏழு விட்டங்களின் நுனிகளை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். ஒன்றிலும் முனை இறங்கவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தப் பழமொழியைச் சொன்னவர் சோற்றை மனதில் வைத்துத்தான் சொன்னார்.

கிளம்பும்போது மாமி பூஜை அறைக் கதவைக் காட்டினார். "இந்தக் கதவு இருக்கே, வருஷம் முழுக்க முரண்டு பிடிக்கும். ரெண்டு கையாலயும் இழுத்தாத்தான் வரும். நவராத்திரி வந்துட்டா ஒத்தை விரலால தள்ளினாப் போறும். அம்பாள் ஆத்துக்குள்ள வந்துட்டான்னு அர்த்தம்." ஒற்றை விரலால் தள்ளியும் காட்டினார். கதவு வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் வாங்கிக்கொண்டு கே.கே. நகர் திரும்பினேன்.

ஒரு எஞ்சினியருக்கு வேண்டிய தகவல் முழுவதையும் அந்த அம்மாள் இரண்டு நிமிஷத்தில் சொல்லி, செய்தும் காட்டியிருந்தார். அப்போது எனக்கு முப்பது வருஷ அனுபவம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவளாக இருந்தால் பயத்திலேயே இன்னொரு தடவை போய்ப் பார்த்திருப்பேன்.

தீபாவளிக்குள் வேலை முடிந்தது. ஒவ்வொரு விட்டத்துக்கும் இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து, போல்ட் போட்டு இறுக்கி, சிவப்பு பிரைமர் அடித்தோம். சுவரை உடைக்க வேண்டாம் என்று சேனலைச் சுவருக்கு ஒரு ஜாண் முன்னாலேயே நிறுத்தினேன், கிழக்குப் பக்கத்து இரண்டில் பூஜை அறை வாசலோடு. ஆக, எவ்வளவு இரும்பு வைத்தாலும் பாரம் கடைசியில் அந்தப் பழைய தேக்கு நுனி வழியாகத்தான் சுவருக்குப் போக வேண்டும். இடுப்புக்கு பெல்ட் கட்டிவிட்டேன், கால் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மாமா அந்தச் சிவப்பு இரும்பைப் பல கோணங்களில் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பினார்.

மச்சுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் எதுவும் அடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். சுவரோரம் ஒரு பெட்டிகூடக் கோட்டுக்கு மேலே போகவில்லை. கோடு கண்ணில் படாத நடுப்பகுதியில்தான் ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள்.

கார்த்திகையில் மாமா போன் செய்தார். பூஜை அறைக் கதவு இந்த வருஷம் சாத்தவே வரவில்லையாம். "மழை மாமா. மரம் உப்பும்," என்றேன். நவராத்திரி முடிந்ததும் இங்கே மழை ஆரம்பித்துவிடும் என்பதால், வருஷா வருஷம் அந்த வீட்டில் மழைதான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது எஞ்சினியர் வாயாலும் ஒரு சான்றிதழ் கிடைத்துவிட்டது.

மழை விட்டது. மார்கழி போய்த் தை பிறந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பாண்டி பஜார் பக்கம் ஒரு கடைக் கட்டடத்தை நான் அளந்துகொண்டிருந்தபோது மறுபடி மாமா.

"ஒண்ணுமில்லே, ஒரு சின்ன அபிப்பிராயம் கேக்கணும். அந்தக் கதவு இன்னும் சரியாகலை. நிலையையே எடுத்துட்டு ஆர்ச்சாப் பண்ணிடலாம்னு பாக்கறோம். எடுக்கலாமோல்லியோ?"

"எப்ப எடுக்கப் போறீங்க?"

"தச்சன் எடுத்துண்டே இருக்கான்."

இங்கே அபிப்பிராயம் கேட்பது என்பது வேலையைத் தொடங்கிய பிறகு செய்கிற மரியாதை. அதைப் பற்றி ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனில் பின்னாலிருந்து, பிள்ளைகள் ஜண்டை வரிசை பாடும் சத்தத்துக்கு நடுவில், தச்சரின் குரல் கேட்டது.

"சார், ரம்பம் வர மாட்டேங்குது. மரம் கவ்விக்கினு கீது."

கதவு நிலைக்கு உள்ள ஒரே வேலை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது. தலையில் பாரம் இல்லாத நிலைக்காலைக் குறுக்கே அறுத்தால் அது ரம்பத்தைக் கவ்வாது. கவ்வுகிறதென்றால் மேலிருந்து ஏதோ அழுத்துகிறது. அழுத்துவதற்கு மேலே என்ன இருக்கிறது? மச்சு இருக்கிறது. அப்போதுதான் மாமியின் ஒற்றை விரல் ஞாபகத்துக்கு வந்தது. வருஷம் முழுக்க முரண்டு பிடிக்கிற கதவு, மச்சிலிருந்து கொலு இறங்கியிருக்கும் நாட்களில் மட்டும் லேசாகிறது. நான் பார்க்காமல் விட்ட அந்த இரண்டு நுனிகளும் சுவருக்குள் உளுத்துப்போயிருக்கின்றன. மச்சின் அந்த மூலை எத்தனையோ வருஷமாகக் கதவு நிலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையின் தலையில் நான் இரும்பை ஏற்றி, அறுபது பெட்டிக்கும் அனுமதி கொடுத்திருக்கிறேன். நிலைக்கால் பாதி அறுந்துவிட்டது. அதிலிருந்து நாலடி தள்ளி எட்டுப் பிள்ளைகள்.

கையிலிருந்த டேப்பை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு வெளியே வந்தேன்.

"கூரை விழப்போகுது, ஓடுங்க" என்று கத்தத்தான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த வீட்டு மனிதர்களை எனக்குத் தெரியும். கூரை விழப்போகிறது என்றால் சாமானைக் காப்பாற்ற மேலே ஓடுவார்கள். அதனால் மாமாவிடம் ஒன்றும் சொல்லாமல், போனைத் தச்சரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் பெயர் ஏழுமலை. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்து, ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்டு, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர்ப் பக்கம் வேலைக்கு வருகிறவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அவர் ஒரு குரல்தான்.

"அண்ணே, ரம்பத்தைத் தொடாதீங்க. அப்படியே விட்டுட்டு நகர்ந்துடுங்க."

"புது ரம்பம் மேடம். ஒரு ஆப்பு அட்ச்சா வந்துரும்."

"ஆப்பும் வேணாம், சுத்தியலும் வேணாம். மச்சு அந்த நிலை மேலதான் நிக்குது. ரம்பம் அந்த வெட்டுல இருக்கட்டும்."

"இன்னா மேடம் சொல்ற? கதவு மேலயா?"

"ஆமா. பிள்ளைங்களை வாசலுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஓட விடாதீங்க, பயமுறுத்தாதீங்க."

அவர் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. "பாட்டு கிளாஸ் முடிஞ்சிச்சு, அல்லாரும் மெதுவா வெளிய வாங்க!" என்று சொன்னது கேட்டது. எட்டுப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். மாமி, "யாரு முடிஞ்சதுன்னு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே அவர்கள் பின்னால் போனார்.

விஷயம் ஏழுமலை வாயிலிருந்து கசிந்து, போன் மறுபடி மாமா கைக்கு வந்தபோது மரப்படி முனகும் சத்தம் கேட்டது. நான் நினைத்தது சரி. "பைண்டிங் எல்லாம் மேல இருக்கே, ரெண்டு நடையில எடுத்துண்டு வந்துடறேன்," என்றார். அவரோ கனமான உடம்பு. காரணம் சொல்லிப் புரியவைக்க நேரம் இல்லை. "மாமா, எனக்கு வாசல்ல ஒரு கண்டிப்பான ஆள் வேணும். பிள்ளைங்களோட அப்பா அம்மா வருவாங்க, அக்கம்பக்கம் வரும். ஒருத்தரையும் உள்ளே விடக் கூடாது. உங்களால மட்டும்தான் முடியும்," என்றேன். வாழ்நாள் முழுக்கப் பரீட்சை ஹாலில் நின்றவர் அவர். படி இறங்கிவிட்டார். நெருக்கடியில் ஒருவரைத் தடுக்க வேண்டுமென்றால் காரணம் கொடுக்காதீர்கள், பதவி கொடுங்கள். இதை எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

ஆழ்வார்பேட்டையில் நம் ஆபீஸின் தளம் போடும் வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து இரும்பு ஜாக்கிகளையும் நாலு ஆட்களையும் அனுப்பச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். எனக்கு முன்பே அவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். மாமா உள்ளே விடவில்லை. என்னையும் விடவில்லை, ஒரு நிமிஷம் வாதாட வேண்டியிருந்தது.

உள்ளே போனால் பாதி அறுந்த நிலைக்காலில் ரம்பம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல விட்டங்கள் இருந்த பக்கத்திலிருந்து ஆரம்பித்து, சுத்தியல் போடாமல், திருகித் திருகி ஒவ்வொரு ஜாக்கியாக முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தோம். ஏழுமலையை வெளியே நிற்கச் சொன்னேன். "நான் அறுத்தது மேடம், நான் நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே நின்று பிடித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு பூஜை அறை பிளைவுட்டைக் கழற்றி, விட்ட நுனியில் விரலை வைத்தேன். விரல் உள்ளே போயிற்று. வெளிச்சுவருக்கு அந்தப் பக்கம் பிற்பாடு கட்டிய குளியலறையின் ஈரம், தேக்கைக் காபித்தூள் மாதிரி ஆக்கி வைத்திருந்தது.

இப்போது எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிற பகுதி.

வெளியே வந்தபோது தெருவே கூடியிருந்தது. நான் கதாநாயகி. "தெய்வம் மாதிரி வந்தேள்," என்று மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர். பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்தது. திட்டு முழுவதும் ஏழுமலைக்கு. "ஏம்பா, நிலை மேல பாரம் இருக்கான்னு பாக்காம ரம்பத்தை வெப்பியா? எட்டுக் குழந்தைகள் இருக்கற இடம்!" என்றார் மாமா. ஒரு பிள்ளையின் அப்பா ஏழுமலையை அடிக்கவே போனார். கனடாவில் தூங்காமல் இருந்த மகளும் வீடியோ காலில் சேர்ந்துகொண்டாள். ஏழுமலை கையிலிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டு நின்றார்.

நான் காபி குடித்தேன். அரை டம்ளர் வரைக்கும் குடித்தேன். அந்த அரை டம்ளர் நேரத்தில் என் மனசு போட்ட கணக்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆள் நாளைக்கு வேறு தெருவில் வேலைக்குப் போய்விடுவார், இவருக்கு என்ன நஷ்டம். எனக்கோ முப்பது வருஷப் பெயர். உத்தரவு கொடுத்தது மாமா, அறுத்தது இவர், காப்பாற்றியது நான். ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய்யே இல்லாமல் ஒருவர் தலையில் பழியைக் கட்டுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். தப்பு என்னுடையது. மச்சு காலியாக இருந்தபோது பார்த்துவிட்டு, பாரம் ஏறிய பிறகு வந்து பார்க்கவில்லை. பூஜை அறைக்கு மேலே இருந்த இரண்டு நுனிகளையும் பார்க்காமலே சரி என்று எழுதினேன். கதவு இறுகியபோது மழை என்றேன். இவர் ரம்பத்தை வைப்பதற்கு முன்பே அந்த மச்சு கெட்டுத்தான் இருந்தது.

மாமா பார்வையைத் திருப்பிக்கொண்டார். மாமி என் கையை விட்டார். பிறகு, சத்தம் போடாமல், சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற அதே குரலில் கேட்டார்:

"கலசம் எடுத்தப்புறம் வந்து பாக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

சொல்லியிருக்க மாட்டார். வாசலில் கோலம் போட்டுக் கூப்பிட்டிருப்பார். அவர் இழுத்த ஒரு வாக்கியத்தை நான் என் சோம்பலுக்குச் சாக்காக எடுத்துக்கொண்டேன், அதற்குப் பக்தி மரியாதை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஏழுமலை பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை கூடவே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு மாதிரி சிரித்தார்.

"வுடு மேடம். நீ சொன்னியே, அதுவே போதும். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. நான் மட்டும் அத்த அறுக்கலன்னா, நீ இந்தப் பக்கமே வந்திருக்க மாட்ட."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். அவர் ரம்பம் வைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கதவு இன்னும் ஒரு மழையோ இரண்டு மழையோ தாங்கியிருக்கும். அப்புறம் ஏதாவது ஒரு சனிக்கிழமை, யாருக்கும் போன் செய்ய நேரம் இருந்திருக்காது. அவரை அடிக்கப் போன அப்பாவின் பிள்ளை முதல் வரிசையில் உட்காருகிறவன்.

மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். "குறைக்குக் காரணம்" என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம் "குறையைக் கண்டறிந்தவர்". வழக்கமாக அங்கே நம்மில் ஒருவர் பெயரும் படிப்பும் வரும். ஏழுமலை என்று எழுதினேன். கையெழுத்துக்காக ஃபைல் மேலே போயிற்று. மேலே இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "யாரும்மா இது, நம்ம ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவரா?" என்று கேட்டார்.

"இல்லை சார்," என்றேன். "சேர்த்துக்கிற அளவுக்கு நாம இன்னும் வரலை."